பனிதா டீச்சர் வைத்த பேனர்

தாய்லாந்தில், சிசாகேத் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் இருபது வருஷத்துக்கும் மேலாக ஒழுக்கத்தைக் காத்துவந்தவர் பனிதா டீச்சர். அவர் பாடம் நடத்திப் பார்த்தவர்கள் குறைவு. காலையில் கேட்டருகே கத்தரிக்கோலும் அடிக்கோலுமாக நிற்பதுதான் உத்தியோகம். பையன்களின் முடி காதைத் தொட்டால் கோணல்மாணலாக ஒரு வெட்டு. பெண்களுக்குப் பாவாடை நீளம், பெல்ட் இறுக்கம். இத்தனை இடுப்புகளை உன்னிப்பாகப் பார்த்தவருக்கு, அவற்றுக்கு மேலே ஒரு தலையும் இருப்பது மட்டும் கண்ணில் பட்டதே இல்லை.

வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் மாணவிகளைச் சத்தமில்லாமல் அனுப்பிவைப்பதில் அவருக்குத் தனித் திறமை. துரத்தினார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தாயை வரவழைப்பார், உட்காரச் சொல்வார், பெண்ணின் மானத்தைப் பற்றிப் பேசிக் கண் கலங்குவார். கடைசியில் தாயே படிப்பை நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போவாள். மறுநாள் வாழைத்தார் கொண்டுவந்து கொடுத்த தாய்மாரும் உண்டு. வெட்கமில்லாமல் அதையும் வாங்கிக்கொள்வார். பையன்களை மட்டும் அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. அவர்களுக்குத்தான் பெல்ட் இறுகுவதில்லையே.

பிறகு சட்டம் வந்தது. கர்ப்பமான மாணவியைப் பள்ளி வெளியேற்றக் கூடாது, அவளாகக் கேட்காமல் வேறிடத்துக்கு மாற்றவும் கூடாது, பிரசவத்துக்கு விடுப்பு கொடுத்துத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் மாணவிகளுக்குத் தெரியப்படுத்தச் சொல்லி மாவட்டத்திலிருந்து உத்தரவும் வந்தது. தெரியப்படுத்துவது என்றால் எங்கள் ஊரில் பேனர் வைப்பது. வெள்ளைச் சீருடையில் மெடல் மின்னத் தலைமையாசிரியர், பக்கத்தில் பத்து வயது குறைந்துபோன பனிதா டீச்சர், சுற்றிலும் ஆர்க்கிட் பூ. சட்டமும் ஒரு போன் நம்பரும் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி. கேட்டுக்கு உள்ளே கட்டி, போட்டோ எடுத்து மேலே அனுப்பியாயிற்று. பாராட்டும் வந்தது. வெயிலில் நின்று அதைப் படிக்க எவளுக்கு நேரமிருக்கிறது?

ஒருத்திக்கு இருந்தது. அந்த நேரத்தைக் கொடுத்ததும் டீச்சரேதான். தாமதமாக வருகிறவர்களை முதல் பீரியட் முடியும்வரை கேட்டருகே, பேனரைப் பார்த்தபடி நிற்கவைப்பார். பதினோராம் வகுப்பு நாம்வான், பஸ் ஸ்டாண்டில் கோழி சுட்டு விற்பவளின் மகள். காலையில் எழுந்தால் வாந்தி, அதற்குள் பஸ் போய்விடும். தினமும் தாமதம், தினமும் பேனர். முதலில் டீச்சரின் உதட்டுச் சாயத்தைப் பார்த்துச் சலித்தாள். அப்புறம் குனிந்து அடியில் இருந்ததைப் படித்தாள்.

பெல்ட் ஒரு ஓட்டை தள்ளிப்போனதை டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். தாயை வரவழைத்து, வழக்கம்போலக் கண் கலங்கினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கும் முறைசாராக் கல்வி நிலையத்தில் சேர்த்துவிட்டால் கௌரவமாக இருக்கும், இங்கே இருந்தால் மற்றப் பிள்ளைகளும் கெட்டுப்போவார்கள் என்றார். அறைக்குள் நுழைந்ததிலிருந்து கூப்பிய கையைத் தாய் இறக்கவேயில்லை. சரியென்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"நான் போகலை டீச்சர்" என்றாள் நாம்வான். "நானாக் கேக்காம என்னை மாத்தக் கூடாது."

"எந்த அதிகப்பிரசங்கிடி உனக்கு இதைச் சொல்லிக்குடுத்தது?"

"நீங்கதான் டீச்சர். தெனமும் நிக்க வெச்சீங்களே, அங்க எழுதியிருக்கு."

என்ன எழுதியிருந்தது என்பது டீச்சருக்குத் தெரியாது. அச்சுக்குப் போகுமுன் அவர் சரிபார்த்தது தம் முகத்தை மட்டும்தான். ஆனாலும் இத்தனை வருஷத்துத் தந்திரம் சும்மா போகுமா? தாராளமாகப் படிக்கட்டும், ஆனால் சட்டையைப் பாவாடைக்குள் விட்டு பெல்ட் போட்டுத்தான் வரவேண்டும், அது பள்ளி விதி என்றார். மடக்கிவிட்டோம் என்ற பூரிப்பு முகத்தில் தெரிந்தது.

"அதையும் கேட்டுட்டேன் டீச்சர். அந்த நம்பருக்கு நேத்தே போன் பண்ணேன். சட்டையை வெளிய விட்டுக்கலாமாம். தடுக்கிறது யாருன்னு பேரு கேட்டாங்க. பேனர்ல பெரிசா இருந்திச்சு, சொல்லிட்டேன்."

பனிதா டீச்சர் மேஜையிலிருந்த போனைப் பார்த்தார். அது அடிக்கவில்லை. அடித்துவிடுமோ என்ற பயத்திலேயே அவருடைய ஒழுக்கமெல்லாம் இறங்கிப்போயிற்று. எழுந்து, கிளாசுக்குப் போகச் சொன்னார்.

தாய் பதறி எழுந்தாள். ஜெயித்தது தன் மகள் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. கூப்பிய கையை நெற்றிவரை தூக்கி, "மன்னிச்சிடுங்க டீச்சர், வெவரம் தெரியாத பொண்ணு" என்றாள். டீச்சரும் பதில் வணக்கத்துக்குப் பெருந்தன்மையாகக் கையைத் தூக்கினார்.

நாம்வான் தாயின் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"போதும்மா. இவங்களைக் கும்பிடாத."

டீச்சர் தூக்கிய கையோடு அப்படியே நின்றார். அவரைப் பார்க்க அந்த அறையில் யாரும் இல்லை. வெளியே வராந்தாவில், தன் கையை எங்கே வைப்பதென்று தாய்க்குத் தெரியவில்லை. மகளின் புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, வகுப்பு வாசல்வரை கூடவே நடந்தாள்.