ஜெபப் பெட்டியில் நான் போட்ட சாபம்

ரோஸ்லின் அக்கா இறந்த செய்தியை என்னிடம் வந்து சொன்னவன் சாலமோன். ஆறு வருஷமாக நான் முகம் கொடுத்துப் பேசாத மனிதன், பை தைக்கும் எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்றான். "அக்கா ஆஃப் ஆயிட்டாங்க. இப்பதான், சயான் ஆஸ்பத்திரியில" என்று சொல்லி அழுதான். சொல்ல வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அந்த நிமிடமே ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டேன்.

அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி நம் போதகர் கேட்டார். நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் அக்காவின் நல்லதைச் சொல்ல என் கெட்டதையும் சொல்லியாக வேண்டும். சபையார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாராவியில் அந்தப் பட்டறையில் பதினான்கு வருஷம் அக்காவும் நானும் அடுத்தடுத்த மெஷின். அக்கா ஜிப் வைப்பார், நான் கைப்பிடி தைப்பேன். நான் அவசரக்காரி. துணியைப் பிடித்து இழுப்பேன், ஊசி ஒடியும். "இழுக்காதட்டி. மெஷினு தானா கொண்டு போவும். இழுத்தா ஊசிதான் ஒடியும்" என்பார். ஒரு நாளில் பத்து முறை சொன்னாலும் பத்து முறையும் அதே குரலில்தான் சொல்வார். அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்த காலையை எங்கள் சந்தில் எல்லோரும் அறிவார்கள். நாலு பேர் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சந்து முனையில், பழைய பிளாஸ்டிக் வாங்கி விற்கும் சாலமோனின் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடைத்துக் கிடந்தன. நகர்த்தச் சொல்லிக் கெஞ்சினேன். "தோ மினிட் ருக்கோ, ரெண்டே நிமிசம், டெம்போ வந்துட்டே இருக்கு" என்றான், போனைக் காதிலிருந்து எடுக்காமல். டெம்போ வரவில்லை. பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலை எட்டும்முன் அவர் உயிர் போய்விட்டது. அந்த ரெண்டு நிமிஷத்தை நான் அவனுக்கு மன்னிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அக்காவின் மடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். பெயர் போடாமல் சீட்டு எழுதி அதில் போடுவோம். அக்கா ஒவ்வொன்றாக வாசிப்பார், சபை ஜெபிக்கும். என் வீட்டுக்காரரின் அடக்கம் முடிந்த இரண்டாம் வெள்ளி நான் ஒரு சீட்டுப் போட்டேன். "சாலமோன் வீடு விளங்காமல் போகட்டும். அவனும் மூச்சுக்குத் தவிக்கட்டும்." சபைக்கு முன்னால் அந்தச் சாபம் ஒலிக்க வேண்டும் என்பதே என் ஆசை. அவன் மனைவி ஸ்டெல்லா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா சீட்டைப் பிரித்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? ஒரு நொடி பார்த்துவிட்டு, "சகோதரர் சாலமோனுக்காகவும் அவர் வீட்டுக்காகவும் ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். ஸ்டெல்லா ஆமென் சொல்லித் தேம்பினாள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றியெரிந்தது.

மறுநாள் பட்டறையில் சண்டைக்குப் போனேன். "பொய்யால்லா வாசிச்சிய!"

"பேரு இருந்துச்சி, வாசிச்சேன். அவன என்ன செய்யணும்னு ஆண்டவருக்குத் தெரியும். அவருக்கே நீ பாடம் எடுக்கியாக்கும்?"

"எப்ப செய்வாராம்?"

"கேஸ அவருகிட்ட குடுத்தாச்சில்லா? தெனமும் போயி மனுவ உருவிட்டு வராத."

அன்று மூன்று ஊசி ஒடித்தேன். ஆனாலும் விடவில்லை. வாராவாரம் சீட்டுப் போட்டேன், ஒன்றைவிட ஒன்று கொடியதாக. வாராவாரம் அக்கா அதே வார்த்தைகளைத்தான் வாசித்தார். என் வயிற்றெரிச்சலில் அவன் நாலு வருஷம் சபையின் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டிருந்தான்.

பிறகு ஒருநாள் ஸ்டெல்லா மயங்கி விழுந்தாள். அன்றும் சந்தை அடைத்துக் கிடந்தவை அவன் மூட்டைகள்தான். அவன் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்ததை என் வாசல்படியில் நின்று பார்த்தேன். மனம் குளிர்ந்தது. மறைக்கப் போவதில்லை. அக்கா ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தபடி என்னைப் பார்த்து, "ஏட்டி, ஒரு கை பிடி" என்றார்.

"ரெண்டு நிமிசம் நிக்கச் சொல்லுங்க, டெம்போ வரும்" என்றேன்.

அக்கா சந்துக்காரர்களோடு சேர்ந்து மூட்டைகளை இழுத்துப் போட்டார். ஸ்டெல்லா பிழைத்துக்கொண்டாள். நான் ஒரு மூட்டையைக்கூடத் தொடவில்லை.

அந்த வெள்ளி நான் சீட்டுப் போடவில்லை. அதற்குப் பிறகும் போட முடியவில்லை. எல்லாச் சீட்டையும் வாசித்து முடித்த பின், வெறும் கையோடு அக்கா சொன்னார்: "பேர் சொல்லாத ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம்." அது யார் என்று எனக்குத் தெரியும். பட்டறையில் ஒருநாளும் அக்கா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஏன் அப்படி நின்றாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் பத்து வார்த்தை கத்தித் தீர்த்திருப்பேன். அவர் கேட்கவேயில்லை. இரண்டு வருஷம், வெள்ளி தவறாமல், பேர் சொல்லாத சகோதரிக்காக ஜெபித்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அக்காவின் அடக்கம் முடிந்ததும் போதகர் பிஸ்கட் டப்பாவை என் கையில் கொடுத்தார். யாரைக் கேட்டுக் கொடுத்தார் என்று தெரியாது. அக்கா சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று சந்தேகிக்கிறேன். போன வெள்ளி முதல்முறையாகத் திறந்தேன். நாலைந்து சீட்டுகளுக்கு அடியில் ஒன்று, இந்தி எழுத்தில் எழுதிய தமிழ். எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"ரோஸ்லின் அக்கா நாலு வருஷம் என் பேர் சொல்லி ஜெபம் பண்ணாங்கன்னு ஸ்டெல்லா சொன்னா. இனிமே என் பேர யார் வாசிப்பாங்க? சாலமோன்."

அத்தனை வாரமும் அவன் பெயரை அந்த டப்பாவில் போட்டவள் நான்தான் என்பது அவனுக்குத் தெரியாது. கிழித்துப் போட்டிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அக்காவே சிரிப்பார். அந்த நாற்காலியும் அந்த மூட்டைகளும் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கின்றன. அவனுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை ஆண்டவர் செய்யட்டும். மனுவை உருவாமல் இருக்க நான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த டப்பா. அந்த வெள்ளி முன்வரிசையில் ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாலமோனுக்காக ஜெபிப்போம்" என்று வாசித்தேன். 'சகோதரர்' என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா அதற்கும் காத்திருப்பார்.