போனுக்குப் புளி போட்ட கதை

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். இன்னும் இரண்டு வகுப்பு படித்திருந்தால் செல்போனைப் புளி போட்டுத் துலக்கியிருக்க மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். ஏழாம் வகுப்பில் அதைச் சொல்லித் தருகிறார்களா என்று திருப்பிக் கேட்கலாம்தான். கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

என் பெயர் சீனியம்மாள். ராஜபாளையத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பொன்னுராஜுக்கு நூல் மில்லில் வேலை. நான் தளவாய்புரத்தில் துணி எடுத்து வந்து, வீட்டில் வைத்து நைட்டி தைக்கிறேன். முன்பெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். போன் வந்த பிறகு காலுக்கு ஓய்வு. தைத்ததைக் கொடியில் போட்டுப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தால், பார்த்தவர்கள் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஆயுதபூஜை முடிந்து தீபாவளி வருகிற வரைக்கும்தான் எனக்குப் பெரிய வியாபாரம். அதற்காக ஆடியிலிருந்தே தைத்து அடுக்குவேன். அதைத் தவறவிட்டால் அடுக்கினது அடுக்கினபடி பொங்கல் வரைக்கும் கட்டிலுக்கடியில் கிடக்கும்.

போன் பழையதுதான். தொட்டால் சுடும், கூப்பிட்டால் யோசித்துப் பேசும். வாங்கும்போது கடையில் இருந்த கார்த்திகா என்ற பெண் இன்சூரன்ஸும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தது. வருஷா வருஷம் புதுப்பித்தும் வந்தோம். "மனுசனுக்கே போடல, இதுக்கு எதுக்குட்டி?" என்று வீட்டுக்காரர் அன்றைக்கே முணுமுணுத்தார்.

ஆயுதபூஜை அன்று தையல் மிஷினுக்கும் கத்தரிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். சோறு போடுகிறதில் போனுக்கும் பங்கு உண்டே என்று அதையும் வாழையிலையில் படுக்க வைத்தேன். அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தால் மூன்று கேமரா, மூன்று கண். ஈஸ்வரனே நேரில் வந்து படுத்திருக்கிற மாதிரி எனக்கு மேல் புல்லரித்துவிட்டது. ஒரு கண் விடாமல் மூன்றுக்கும் சந்தனம் அப்பி, குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் முந்தானையால் துடைத்துவிட்டுப் படம் எடுத்தேன். அன்றைக்கு எடுத்த படம்போல நான் என்றைக்கும் எடுத்ததில்லை. நைட்டியெல்லாம் பொன்னாக மின்னியது. சாமி கடாட்சம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஆர்டரும் குவிந்தது. முதல் கட்டு நைட்டியை ஸ்ரீவில்லிபுத்தூர் நூர்பானுவுக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். அந்தப் பெண் என்னிடம் வாங்கித் தன் தெருவில் விற்பவள்.

சாயங்காலமே கூப்பிட்டாள். "யக்கா, படத்துல தங்கமா இருந்துச்சு. பிரிச்சா சாம்பலா இருக்கு. பஸ்ஸுல மாத்திட்டானுவளா?"

நைட்டியை எடுத்துப் பார்த்தேன், சாம்பல் நிறம்தான். நான் தைத்ததும் அதைத்தான். படத்தைப் பார்த்தேன், தங்கம். கேமராவைப் பார்த்தேன். மூன்று கண்ணிலும் சந்தனம் மெலிசாகக் காய்ந்து, மஞ்சள் கண்ணாடி போட்ட மாதிரி இருந்தது.

துணியால் தேய்த்தேன், போகவில்லை. குத்துவிளக்கில் ஏறிய சந்தனம் எதற்குப் போகும்? புளிக்குத்தான் போகும். என் கை பழகின பாதையில் போய்விட்டது. ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளியை நனைத்து மூன்று கண்ணையும் நன்றாகத் துலக்கினேன். பளபளவென்று வந்தது. புளி ஒட்டியிருக்கக் கூடாதே என்று குழாயடியில் காட்டிச் செத்த நேரம் அலசினேன். விளக்கைக் கவிழ்த்துகிற மாதிரி ஒரு துண்டில் கவிழ்த்தும் வைத்தேன். பிறகு நிமிர்த்திப் பார்த்தால், விளக்கு அணைந்துவிட்டது.

வீட்டுக்காரரிடம், "பூஜைக்குப் பொறவு சரியில்லங்க" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை. பூஜைக்குப் பிறகுதானே!

மறுநாள் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். நூர்பானுவின் கோபத்தை விளக்குவதற்காக ஒரு சாம்பல் நைட்டியும் கையில் கொண்டுபோயிருந்தேன். கார்த்திகா போனை அமுக்கிப் பார்த்தது. "லைட்டு எரிஞ்சாத்தாம்மா பழசக் கழிச்சுப் புதுசு தர முடியும். இது செத்துருச்சு. இன்சூரன்ஸ்தான் வழி. எப்படிக் கெட்டுச்சு?"

"ஆயுதபூஜைக்குச் சந்தனம் வச்சேன் பாப்பா. அதுக்குப் பொறவு…" என்று இழுத்து நிறுத்தினேன்.

"நீங்களா பூசுனதுன்னா கம்பெனியில ஒத்துக்கிட மாட்டாங்கம்மா. தெரியாம பட்டுருச்சுன்னு சொல்லிருங்க."

எனக்குப் பதறிவிட்டது. "தாயி, தலைக்குக் குளிச்சு, ஒரு பொழுது இருந்து சாமிக்கு வச்ச சந்தனம். அதப் போயித் தெரியாம வச்சேன்னு எப்படிச் சொல்லுவேன்? தெரிஞ்சுதான் வச்சேன்."

"அப்ப போன் கிடைக்காதும்மா."

"ஏட்டி, சந்தனத்துக்கு நீ வக்கீலா? தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில கெடக்கதை எப்படி விப்ப? அந்தப் பிள்ளை சொல்றதச் சொல்லு" என்றார் வீட்டுக்காரர்.

நான் அசையவில்லை. ஆண்டாள் தாயாரே பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் போய்விட்டது. "யம்மா, சாமியெல்லாம் கோவிச்சுக்கிடாது. எங்களுக்கு வழிய விடுங்க" என்று ஒருவர் குரல் கொடுத்தார். அதற்கும் நான் அசையவில்லை.

கடைசியில் கார்த்திகா கம்பெனி அதிகாரியையே போனில் பிடித்து, கடையே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டது.

அவர் பொறுமைசாலி. "அம்மா, பூஜை போட்ட அன்னைக்கு போன் வேலை செஞ்சுச்சா?"

"செஞ்சுது சார்."

"மறுநாள்?"

"செஞ்சுது சார். படந்தான் கொஞ்சம் மஞ்சளா வந்துச்சு."

"அப்ப எப்ப நின்னுச்சு?"

நான் கையிலிருந்த நைட்டியை மடிக்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா. கடைசியா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

சாமிக்காகப் பொய் சொல்ல மாட்டேன் என்று அவ்வளவு நேரம் நின்றவள், எனக்காக மட்டும் சொல்லலாமா? கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "கழுவுனேன் சார்."

"எதை?"

"போனத்தான். சந்தனம் போகல, அதான் புளி போட்டுத் துலக்கி, குழாயில அலசுனேன்."

முதலில் பேசியவர் என் வீட்டுக்காரர். "ஏட்டி, புளியா?"

அதற்குப் பிறகு வரிசையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பை எழுத எனக்குப் படிப்புப் போதாது. அதிகாரி இருமி இருமிச் சிரிப்பை அடக்கினார். "அம்மா, சந்தனத்தால போனுக்கு ஒண்ணும் ஆகல. தண்ணியாலதான் ஆயிருக்கு. போன் கெடணும்னா கழுவுனீங்க?"

"ஐயோ இல்ல சார்! சுத்தமா இருக்கணும்னுதான் கழுவுனேன்."

"அப்ப தெரியாம நடந்ததுதான். எழுதி அனுப்புங்க, பாஸ் பண்றேன்."

அத்தனை நேரமும் சாமியின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன். சாமி பேரில் பழியைப் போட்டு என் புளியை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆண்டாள் தாயார் பார்த்துக்கொண்டு நின்றதும் அதைத்தான் போலும்.

கார்த்திகா கம்ப்யூட்டரில் அடித்தது. "சுத்தம் பண்ணும்போது தண்ணி பட்டதுன்னு போட்டுட்டேம்மா."

"புளியையும் போட்டுரு தாயி. மறைச்சா பொறவு பாவம்."

"புளிக்கு இதுல எடம் இல்லம்மா."

போன் வர நாளாகும் என்றார்கள். வியாபாரம் போச்சு என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். வீட்டுக்காரர் படுக்கவில்லை. மில் கேட்டில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், தன் போனில் நூர்பானுவைக் கூப்பிட்டும் சொன்னார். அவள் கோபமெல்லாம் போய்ச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்ததாம். மறுநாளிலிருந்து வாசலில் பெண்கள். "போனுக்குப் புளி போட்ட அக்கா வீடு இதானா?" மில்லில் வேலை பார்ப்பவர்களின் வீட்டுப் பெண்கள், பக்கத்துத் தெருப் பெண்கள், எனக்கு முகமே தெரியாதவர்கள் எல்லாரும் வந்தார்கள். என்னைப் பார்க்க வந்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து போகக் கூச்சம். ஆளுக்கொரு நைட்டியை எடுத்துக்கொண்டார்கள். சாம்பலும் போயிற்று. நூர்பானுவே பஸ் ஏறி வந்து, கதையை என் வாயால் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒரு கட்டு கூடுதலாக வாங்கிப் போனாள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது போன் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். அதே மாடல்தான், வேறு போன். இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் இதைவிடப் பெரியது எடுக்கலாம் என்று கார்த்திகா சொல்லிப் பார்த்தது. "வேண்டாம்மா, கழுவ இந்த சைஸு போதும்" என்றார் வீட்டுக்காரர்.

கார்த்திகா மேசைக்கு மேலாகக் குனிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டது. "அம்மா, அன்னைக்குக் கொண்டாந்தீங்கல்ல, அந்தச் சாம்பல் நைட்டி, எனக்கு ஒண்ணு வேணுமே. படம் எடுத்து அனுப்புறீங்களா?"

"படம் எடுக்க வீட்டுல ஒண்ணுகூட இல்ல தாயி. தீபாவளி கழியட்டும், தச்சுத் தாரேன்" என்றேன்.