பின்வளவில் மண் கிளறியவர்

பிறிஜெற் அன்ரிக்கு எதையும் பேர் மாற்றிச் சொன்னால் பிடிக்காது. ஆளோ மீனோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். ஒருமுறை கட்டாப்பாரையை அறக்குளா என்று விற்கப் பார்த்த மீன்காரனோடு, வாங்குகிற எண்ணமே இல்லாமல் நடுறோட்டில் நின்று மல்லுக்கட்டினார். மீன்காரன் கடைசியில் கும்பிட்டுவிட்டுப் போனான். ஏன் கலியாணம் கட்டவில்லை என்று என் மனைவி கனகேஸ்வரி ஒருநாள் கூச்சமில்லாமல் கேட்டதற்கு, "கேட்டு வந்த ரெண்டு பேரும் என்னைப் பிரிஜிட்டா எண்டு கூப்பிட்டாங்க, பிள்ளை" என்று சொல்லிச் சிரித்தார். உண்மையா பகிடியா என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. இனிக் கேட்கவும் முடியாது. அவர் போய்ச்சேர்ந்து கனகாலம்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டின் பின்னறையில் நாங்கள் இரண்டு பேரும் வாடகைக்கு இருந்தோம். அன்ரிக்கு அப்போது அறுபது கடந்திருக்கும். தகப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அன்ரி ஒரு கப்பல் கம்பனியில் ரைப்பிஸ்டாக இருந்து ஓய்ந்தவர். பூப்போட்ட நீளக் கவுன், கழுத்தில் மாதா படம் போட்ட சின்ன மெடல், மூன்று பாஷையிலும் தடுமாறாத பேச்சு. ஞாயிறு பூசைக்குப் பாட்டுக் குழுவில் நிற்பார். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எந்தக் கப்பல் என்று ஒழுங்கைச் சனம் அவரிடம்தான் கேட்கும். இரண்டாம் முறை ஊதும்வரை அவர் வாய் திறக்கமாட்டார்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. கோட்டையில் மத்திய வங்கிக் குண்டு வெடித்த பிறகு, கொழும்பில் யாழ்ப்பாணத்து இளந்தாரியாக இருப்பது லேசான காரியம் இல்லை. எனக்கு முப்பது வயது, கெய்சர் வீதியில் ஒரு துணிக்கடையில் வேலை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் சரியாகத்தான் இருந்தன. சரியாக இருந்தால் போதும் என்று நம்புகிற ஆளில்லை நான். பக்கத்து ஒழுங்கையில் ஒருவர் முற்றத்தில் வாழைக்குட்டி நட்டார். புது மண்ணைக் கண்ட பொலிஸ், எதை மண்ணுக்குள் தாட்டாய் என்று கேட்டு அவரைக் கொண்டுபோனது. வாழை இலை விரித்துவிட்டது, ஆள் வரவில்லை.

அப்படியான காலத்தில்தான் ஒரு காலை எங்கள் பின்வளவில் புது மண் கிடந்தது.

பின்வளவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர்க்குழாய், உடுப்புத் தோய்க்கிற கல், ஒரு ஜம்புமரம், மதிலோரம் அடுக்கிய பழைய ஓடுகள். ஜம்புமரத்தடியில் ஒரு கூடை அளவு ஈரமண் குவிந்திருந்தது. காலால் பரப்பி மிதித்துவிட்டுக் கடைக்குப் போனேன். அடுத்த காலை இன்னொரு குவியல். பக்கத்தில் கைமுட்டி போகிற அளவு வளை. அந்த மண்ணையும் பரப்பி மிதித்தேன்.

"எலிப்பாஷாணம் வாங்கிக்கொண்டு வாறன்," என்றேன்.

"விசர்க்கதை கதையாதையுங்கோ," என்றாள் கனகேஸ்வரி. "அது மூஞ்சூறு. மதிலோரம் ஓடினதை என்ரை கண்ணாலை கண்டனான். பிள்ளையாற்றை வாகனத்துக்கு ஆரும் நஞ்சு வைப்பினமே?"

வைக்கமாட்டார்கள்தான். ஆனால் இவள் அதற்குப் படையலே வைக்கத் தொடங்கியிருந்தாள். பின்னேரம் விளக்கேற்றியதும் ஒரு சிரட்டை நிறையப் பொரிகடலை ஜம்புமரத்தடிக்குப் போகும். காலையில் சிரட்டை வெறுமையாக இருக்கும். பிள்ளையார் ஏற்றுக்கொண்டார் என்று அவளுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் பூரிப்பு. கடலை குறையக் குறைய மண் கூடிக்கொண்டு போகிறதே என்று எனக்கு நித்திரை இல்லை.

வழக்கு அன்ரியிடம் போனது. அவர் குந்தியிருந்து வளையைப் பார்த்தார், மண்ணைக் கிள்ளி மணந்தார்.

"நஞ்சு வைக்கக் கூடாது," என்றார். கனகேஸ்வரி என்னைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்புச் சிரித்தாள். "மூஞ்சூறு எண்டும் சொல்லக் கூடாது, பிள்ளை. ஆர் எண்டு தெரியாம ஒருத்தரைப் பிடிக்கவும் கூடாது, கும்பிடவும் கூடாது."

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு சுற்றிவளைப்பில் அவருடைய தம்பி றேமண்டை வரிசையில் நிறுத்தினார்கள். முகத்தை மூடிக்கொண்டு ஜீப்புக்குள் இருந்த ஒருவன், றேமண்ட் முன்னால் வந்தபோது தலையை ஆட்டினான். தலையாட்டி என்று அப்படியானவனைச் சொல்வோம். அந்த ஒரு ஆட்டலுக்கு றேமண்ட் வருடக்கணக்கில் உள்ளே இருந்தார். பிறகு, ஆள் மாறிப்போய்விட்டது என்று விட்டார்கள். ஒரு கையைத் தூக்க முடியாமல் வந்த மனிதர் ஹெந்தளையில் மகளோடு இருந்தார். அடித்தவர்களைக்கூட அன்ரி மன்னித்திருப்பார். ஆள் மாறிப்போய்விட்டது என்ற வார்த்தையை அவரால் மன்னிக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் அவர் கோதுமை மாவை அரிதட்டில் போட்டு, வளைவாசலிலும் சிரட்டையைச் சுற்றியும் மதிலோரமும் மெல்லிசாகத் தூவினார். அந்த நாளில் மா விற்ற விலைக்கு எனக்கு மனம் பொறுக்கவில்லை. காலையில் மூன்று பேரும் குனிந்து நின்றோம்.

சிரட்டையைச் சுற்றிப் பெரிய கால்கள் மிதித்திருந்தன. விரித்த விரல்கள், நடுவே வாலை இழுத்த கோடு. அந்தத் தடம் நேரே வளைக்குள் போயிருந்தது. மதிலோரம் வேறு கதை. ஊசியால் குத்தினாற்போலச் சின்னக் கால்கள், மதிலை ஒட்டியே போய் ஓட்டடுக்குக்குள் நுழைந்து, திரும்பி வந்து, மறுபடி நுழைந்திருந்தன. அந்த வழியில் ஒரு கரப்பானின் செட்டைகள் கிடந்தன. சிரட்டைப் பக்கம் அந்தக் கால்கள் திரும்பவே இல்லை. ஒரு பிடி மாவில் ஒரு முழு இரவின் நடமாட்டம் எழுதிக் கிடந்தது. நான் விலையை மறந்துபோனேன்.

"ரெண்டு ஆள்," என்றார் அன்ரி. "மதிலோரம் போனதுதான் மூஞ்சூறு. அது பூச்சி தின்னுற சாதி, கடலையைத் தொடயில்ல பாருங்க. கடலையும் மண்ணும் மற்ற ஆள்ட வேலை. அவர் ஆரெண்டு கண்ணால கண்டாத்தான் பேர் சொல்லுவன்."

கனகேஸ்வரியின் முகம் விழுந்துபோயிற்று. "அப்ப இவ்வளவு நாளும் நான் ஆருக்குப் படைச்சனான், அன்ரி?"

அதற்குப் பிறகு அன்ரி பின்னேரங்களில் குசினி வாசலில் ஸ்டூலைப் போட்டு அசையாமல் இருந்தார். செபமாலைகூட உருட்டவில்லை, மணி சத்தம் போடுமாம். ஒருநாள் பொழுது மங்குகிற நேரம் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். வளைவாசலை அடைத்திருந்த மண் உள்ளிருந்து அசைந்தது. ஒரு தலை வெளியே வந்தது. மழுங்கின மூக்கு, வட்டக் காது, முதுகில் முரட்டுக் கறுத்த மயிர், பூனைக்குட்டி அளவு உடம்பு. முன்னங்கால்களால் மண்ணை வாரி, நெஞ்சால் தள்ளிக் குவித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி உள்ளே போய், மறுபடி மண்ணோடு வந்தது. மறுபடி போய், மறுபடி வந்தது. என் உயிரை வாங்க வந்த சனியன் என்றுதான் அதை அதுவரை நினைத்திருந்தேன். இத்தனை சின்னக் கைகளால் இத்தனை வேலையா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

"அகழான்," என்றேன் மெல்ல. ஊரில் தோட்டங்களைக் கிண்டிக் கெடுக்கிற பெரிய எலிக்கு நாங்கள் சொல்லும் பேர். அன்ரி அந்தப் பேரை இரண்டுமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "நல்ல பேர். செய்யிற வேலையைச் சொல்லுது."

சனிக்கிழமை எலிக்கூடு வாங்கி, ஆளைப் பிடித்து, வளையைக் கல் போட்டு அடைப்பது என்று முடிவானது. ஆனால் வெள்ளிக்கிழமை காலையிலேயே பொலிஸும் ஆமியும் ஒழுங்கைக்குள் இறங்கிவிட்டார்கள்.

பின்வளவுக்கு வந்த சார்ஜன்ட் மண்குவியலைக் கண்டதும் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாய் திறக்குமுன், அன்ரி சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

"பெரிய எலி வளை தோண்டியிருக்கிறது, மாத்தயா."

"எல்லோரும் எலி என்றுதான் சொல்கிறார்கள்," என்றார் சார்ஜன்ட். ஒரு ஆமிக்காரனைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னார்.

வளை ஜம்புவேரைச் சுற்றிப் போய், இரண்டாகப் பிரிந்து, கீழே இறங்கியது. வெட்ட வெட்ட முடியவில்லை. எங்கள் காலடியில் இப்படி ஒரு வீடு இருந்ததை நினைக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு ஒரு சின்ன அறை வந்தது. ஆமிக்காரன் கையை விட்டு அள்ளினான். பொரிகடலை. இன்னும் அள்ளினான், இன்னும் பொரிகடலை. கனகேஸ்வரி வைத்த படையலில் பாதிக்கு மேல் அங்கே பத்திரமாக இருந்தது. ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். சார்ஜன்ட்டுக்கும் உதடு அசைந்தது. எனக்குப் போன மூச்சு வந்தது. அகழான் எந்தப் பக்கத்தால் தப்பியதோ, ஆளைக் காணவில்லை.

"அந்த ஓடுகளையும் எடு," என்றார் சார்ஜன்ட்.

அன்ரி ஒரு அடி முன்னே வைத்தார். "மெதுவாக எடுங்கள், மகன். அங்கே குட்டிகள் இருக்கும் என்று நினைக்கிறேன்."

மேலடுக்கைத் தூக்கியதும், கடதாசித் துண்டும் தும்பும் சேர்த்துக் கட்டிய கூடு தெரிந்தது. அதிலிருந்து மூஞ்சூறு வெளியே வந்தது. நீண்ட மூக்கை ஆட்டிக் காற்றை மணந்தது. அதன் பின்பக்க மயிரை ஒரு குட்டி வாயால் கவ்வியிருந்தது. அந்தக் குட்டியை இன்னொரு குட்டி கவ்வியிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. தாயும் குட்டிகளும் ஒரே கயிறாக, சப்பாத்துகளுக்கு நடுவால் நடந்தன. தாய் திரும்பினால் கயிறு முழுவதும் திரும்பியது. தாய் நின்றால் எல்லாம் நின்றன. ஒரு குட்டிகூடப் பிடியை விடவில்லை.

ஆமிக்காரன் தூக்கிய ஓட்டை இறக்க மறந்து நின்றான். இன்னொருவன் மெல்லக் காலைத் தூக்கி வழி விட்டான். சார்ஜன்ட் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, சின்னப்பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். கனகேஸ்வரி கைகூப்பியிருந்தாள். ஆமிக்காரரின் துவக்கு, என் பதிவு, அட்டை ஒன்றும் அந்த நேரம் என் நினைவில் இல்லை. அப்படி ஒரு காட்சியை அதற்கு முன்னும் நான் காணவில்லை, பின்னும் காணவில்லை. கடைசிக் குட்டி தண்ணீர் ஓடுகிற கானுக்குள் மறையும்வரை தேடல் அப்படியே நின்றது.

சார்ஜன்ட் நிமிர்ந்து முகத்தை ஒழுங்காக்கிக்கொண்டார். "ஆளை ஏற்று," என்றார்.

என்னால் நம்ப முடியவில்லை. மூஞ்சூறுக்கு வழி விட்டவன்தான் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். யாழ்ப்பாணத்து இளந்தாரிகளைக் கொண்டுவரும்படி மேலிடத்துக் கட்டளையாம். மண்ணுக்குள் கடலை இருந்தாலும் ஒன்றுதான், கண்ணிவெடி இருந்தாலும் ஒன்றுதான். கனகேஸ்வரி அழுது குழறினாள். அன்ரி குழறவில்லை. கவுனைப் பிடித்துக்கொண்டு ஜீப்பின் பின்பக்கம் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தார். இறங்கச் சொன்னார்கள். அன்றைக்கு அவருக்குக் காது கேட்கவில்லை.

பொலிஸ் நிலையத்துப் பொறுப்பதிகாரி என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அன்ரியிடம் சிங்களத்தில் கேட்டார். "வாடகைக்காரன்தானே. இவன் யாரென்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நல்ல பிள்ளை, குழப்படி இல்லை என்று எல்லா வீட்டுக்காரரும் சொல்வதை இவரும் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அது எடுபடாது என்றும் எனக்குத் தெரியும்.

"மூன்று வருடமாகப் பார்க்கிறேன்," என்றார் அன்ரி. "நல்லவர் என்று சொல்ல நான் வரவில்லை. முன்கோபக்காரர். மனைவியோடும் வாக்குவாதம், ரேடியோவோடும் வாக்குவாதம். கரப்பானைக் கண்டால் கட்டிலில் ஏறுவார். இடது செருப்பை இழுத்து நடப்பார். கடை பூட்டினதும் அந்தச் சத்தம் ஒழுங்கைக்குள் வரும், பிறகு காலைவரை வெளியே போகாது. மனைவிக்குக் காய்ச்சல் வந்த கிழமை, ஊர் எழும்புவதற்கு முன் எழும்பி அவளுடைய உடுப்பைத் தோய்த்துப் போட்டார். யாரும் காணவில்லை என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"போன வருடம் இவருடைய தாய் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தார். எங்கே இருக்கிறார் என்று இன்னும் செய்தி இல்லை. இவர் அழுவதற்குக் குழாயடிக்குப் போவார். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மனைவிக்குச் சிரித்துக் காட்டுவார். என் தம்பியை ஒருவன் சரியாகப் பார்க்காமல் தலையாட்டிக் காட்டிக்கொடுத்தான். நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நீங்கள் தேடுகிற ஆள் இவரில்லை. பிழை என்றால் என்னையும் உள்ளே போடுங்கள்."

பொறுப்பதிகாரி என் முகத்தையும் அட்டையில் இருந்த படத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு அட்டையை மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினார்.

நடந்துதான் வந்தோம். குழாயடி விஷயம் கனகேஸ்வரிக்கே தெரியாது. யாரும் கவனிக்காத ஒருவன் என்றுதான் அந்த ஊரில் என்னை நான் நினைத்திருந்தேன், கவனிக்காமல் இருந்தால் போதும் என்றும் வேண்டியிருந்தேன். பக்கத்தில் நடந்து வருகிற மனுஷியைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மூலஸ்தானத்தில் திரை விலகும்போது வருகிற பயம். "அன்ரி" என்றேன்.

"கெதியா நடங்க," என்றார் அவர். "பிள்ளை அங்க சாப்பிடாம இருப்பா."

சனம் நிறைந்த தெருவில், பட்டப்பகலில், நான் அழுதுகொண்டே நடந்தேன்.