வாசல் நாயின் கடைவாய்ப் பல்

ஹவுஸ் ஓனரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. நிலத்தை விற்ற காசில் பிள்ளைப்பாக்கத்தில் வரிசையாகப் பத்து அறை கட்டி, என்னைப் போலத் தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். தண்ணீர் மோட்டார் போடவே அவரைக் கெஞ்ச வேண்டும். கேட் பக்கத்தில் ஒரு நாயைக் கட்டி வைத்திருந்தார். ஷிப்டு முடிந்து யார் வந்தாலும் அது குரைத்து ஊரைக் கூட்டும். அவர் எழுந்து வந்து எங்களைத்தான் திட்டுவார்.

அதன் வாயை அடைக்க வழி கண்டுபிடித்தவள் நான். கம்பெனியில் டீயோடு தருகிற கிரீம் பிஸ்கட்டைத் தின்னாமல் கொண்டுவந்து வீசினேன். குரைப்பு நின்றது. மற்ற அறைக்காரிகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஒரு பாக்கெட்டில் என்ன ஆகிவிடும் என்றுதான் ஒவ்வொருத்தியும் நினைத்தோம். மூன்று ஷிப்டு, பத்து அறை என்று யாரும் யோசிக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் அதன் வாய் சாக்கடையாக நாறியது. சோற்றை முகர்ந்துவிட்டு, முன்னங்காலால் தாடையைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிடும். ஓனரிடம் சொன்னேன்.

"நாய் வாயி நாறாம மல்லிப்பூவா மணக்கும்? போம்மா."

என் பழைய பிரஷ்ஷில் என் பேஸ்டையே வைத்துத் தேய்த்துவிட்டேன். நுரையை விழுங்கி வாந்தி எடுத்தது. பயந்துபோய் லோடு ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா என்னை வறுத்தெடுத்துவிட்டார்.

"அதுக்குத் துப்பத் தெரியுமா? நம்ம பேஸ்ட்ட எதுக்கும்மா போட்ட?"

உதட்டைத் தூக்கிக் காட்டினார். கடைவாயில் மூன்று பற்கள் காரை பிடித்து ஆடின, ஈறில் சீழ். பிடுங்கினால்தான் சாப்பிடும், வளர்க்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். மிச்சப் பற்களை நாய்க்கென்று விற்கிற பேஸ்டில் தினமும் தேய்க்க வேண்டுமாம்.

ஓனர் சிரித்தார். "பல்ல புடுங்கிட்டா அது இன்னா நாயி? திருடன் வந்தா ஈறாலயா கடிக்கும்?"

"கடவாப் பல்லுதாம்ணே. வலி தாங்காம பட்டினி கெடக்கு. செத்துரும்ணே."

"என் நாயி. நீ உன் வேலைய பாத்துக்கினு போ."

அவர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனதும் லீவு போட்டேன். நாய் என்னுடையது என்று ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டேன். பொய்தான். இன்றைக்குக் கேட்டாலும் போடுவேன்.

நான்காம் நாள் வந்தவர் பல்லைப் பிடுங்கிய விஷயம் தெரிந்து, கேட் பக்கத்தில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினார். நான் குழைத்து வைத்த சோற்றில் நாய் தலையைக் கவிழ்த்து ஒரு பருக்கை விடாமல் தின்றது. அதை அவரும் பார்த்தார். தின்று முடித்து, வாலை ஆட்டியபடி அவர் காலடியில்தான் போய்ப் படுத்தது. எனக்கு அதன் மேலும் ஆத்திரம் வந்தது.

"சாயங்காலத்துக்குள்ள ரூம காலி பண்ணு" என்றார்.

நாய் பேஸ்டும் பிரஷ்ஷும் என் கையில் இருந்தன. இந்த ஆளுக்கு இதை வேறு கொடுக்க வேண்டுமா என்று பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கொடுத்திருந்தால் அவர் தேய்த்திருப்பாரா தெரியாது. ஆனால் கொடுக்காமல் வந்தவள் நான்.