நீச்சல் குளத்தில் ஒரு தலைத் தீபாவளி

கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் பழைய குடியிருப்புக்குப் பின்னால் ஒரு நீச்சல் கிளப் இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. இப்போது அங்கே மூன்று பக்கமும் கொண்டோமினியங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே ஒரு குளம் உண்டு, அதில் குளிக்கத்தான் யாருக்கும் நேரம் இல்லை. எங்கள் கிளப் மட்டும் துருப்பிடித்த தகர வேலிக்குள் பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது.

அந்த வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தவர் என் அத்தான். அக்காவின் கணவர், கிள்ளான்காரர். முட்டி வலி வந்த பிறகு மாடிப்படி ஏறவே யோசிப்பவர், இதற்கு மட்டும் துள்ளிக்கொண்டு வந்தார்.

"பாப்பா, இடிக்கப் போறாங்களாம். ஒரு தடவ உள்ள போய்ப் பாத்துட்டு வந்துருவோம்லா" என்றார். என் தலையில் பாதி நரைத்துவிட்டது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

இடுப்பளவு லாலான் புல்லை விலக்கிக்கொண்டு போனோம். கட்டணக் கூண்டு இருந்தது, கண்ணாடி இல்லை. குளிக்கும் அறைக்குக் கூரை இல்லை. அதைத் தாண்டியதும் குளம் வந்தது, நான் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் இல்லாத குளத்தை நான் பார்த்ததே கிடையாது. ஆழமான பக்கத்தில் ஒரு மரம் முளைத்து வளர்ந்து, அதன் உச்சிக் கிளை எங்கள் கால் மட்டத்துக்கு வந்திருந்தது. நீலச் சதுர ஓடுகள் இன்னும் பளிச்சென்று இருந்தன. சின்ன வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மேலே மின்னிய தண்ணீர் மட்டும்தான். அதற்கு அடியில் இவ்வளவு பெரிய பள்ளம் இருந்தது, அதன் மேல்தான் நாங்கள் கூத்தடித்தோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பள்ளி விடுமுறை என்றால் எங்களுக்கு அந்தக் குளம்தான். மத்தியானம் போனால் விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போகும்வரை வெளியே வர மாட்டோம். கண் சிவந்து, காதில் தண்ணீர் புகுந்து, பசியில் உயிர் போகும்போது அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கறிபாப் நீட்டுவார். அம்மா உள்ளே வந்ததில்லை. சேலை கட்டியவர்கள் குளத்தைச் சுற்றிப் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். சட்டத்தைப் போட்டது கிளப் கமிட்டி. அதை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியவர் என் மாமா, அம்மாவின் சொந்தத் தம்பி.

மாமா எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் தங்கியிருந்தார். கேட்டைத் திறப்பது, குளோரின் போடுவது, இலை அள்ளுவது, விசில் ஊதுவது, மூழ்குகிறவனைத் தூக்குவது எல்லாம் அவர் ஒருவர்தான். அவருக்கு ஜென்மப் பகை ஒன்று உண்டென்றால் அது எண்ணெய்த் தலை. எண்ணெய் பட்டால் தண்ணீர் கெடும், வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்று வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் உச்சந்தலையையும் முகர்ந்து பார்ப்பார். தமிழ்ப் பிள்ளைகளின் தலையில் காலையிலேயே தேங்காய் எண்ணெய் வைத்து அழுத்திச் சீவி அனுப்பும் தாய்மார்கள் நிறைந்த குடியிருப்பு அது. பாதிப் பேர் வாசலோடு திரும்புவோம். அக்கா மகளாயிற்றே என்று எனக்கு எந்தச் சலுகையும் கிடையாது. அந்த வேலைக்கு வந்த நாள் முதல் அவர் தன் தலையிலும் எண்ணெய் வைத்ததில்லை. அவருடைய முடி எப்போதும் வறண்டு, செம்பட்டை பாய்ந்து நிற்கும்.

எனக்குப் பத்து வயதான அந்த வருடம் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் தண்ணீர்ப் பங்கீடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் வரும். குளத்தை மாற்றி நிரப்ப வழியே இல்லை. கமிட்டி மாமாவைக் கூப்பிட்டு, பங்கீடு முடியும்வரை இருக்கிற தண்ணீரைக் கெடாமல் காப்பாற்றிக் கொடுத்தால் வேலையை நிரந்தரம் ஆக்குவதாகவும், கிளப்புக்குப் பின்னால் இருக்கும் சிறிய வீட்டைத் தருவதாகவும் சொல்லியிருந்தது. அதன் பிறகு மாமா தூங்கும் நேரம் தவிர அந்தக் குளத்தை விட்டு நகரவே இல்லை. கக்கூஸுக்கு ஊற்ற ஒரு வாளி கேட்டு வந்தவர்களைக்கூட வெறுங்கையோடு அனுப்பினார். குடியிருப்பில் அவருக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வருடம்தான் அத்தானுக்குத் தலைத் தீபாவளி. கல்யாணத்திலேயே பாயசம் நீர்த்துப்போயிருந்தது என்று கிள்ளானில் பேச்சு அடிபட்டதாக அம்மாவின் காதுக்கு வந்திருந்தது. அதனால் தீபாவளிக்கு எந்தக் குறையும் வந்துவிடக் கூடாது என்று ஒரு மாதமாக அம்மா தூங்கவில்லை. தீபாவளியன்று தண்ணீர் வரும் முறை. அந்தத் தைரியத்தில் முதல் நாள் சாயங்காலமே சேர்த்து வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றி வீட்டைக் கழுவிவிட்டார். வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

விடிவதற்கு முன்பே எங்களை எழுப்பினார். அத்தானைப் பலகையில் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, மாப்பிள்ளை தலை என்பதால் தாராளமாக நல்லெண்ணெய் வைத்தார். அது காது வழியாக, கழுத்து வழியாக ஓடி முதுகில் இறங்கியது. அப்புறம் அக்கா, அப்பா, நான், கடைசியில் அம்மா தனக்கே. எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்து முடித்த பிறகுதான் அப்பா போய்க் குழாயைத் திறந்தார். அது ஒருமுறை இருமியது. அதன் பிறகு காற்றுதான் வந்தது. எங்கேயோ பெரிய குழாய் உடைந்துவிட்டதாம்.

வாசலுக்கு ஓடினோம். வரிசை முழுவதும் விளக்குகள் எரிந்தன. ஒவ்வொரு வாசலிலும் எண்ணெய் வழியும் தலைகளோடு ஆட்கள் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஆன்டி கத்தோலிக்கர். அவருக்கும் தீபாவளிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது பிடிக்கும் என்று வருடாவருடம் பிள்ளைகளுக்கும் சேர்த்து வைத்துக்கொள்வார். அவரும் நின்றார். முதலில் எண்ணெய், பிறகுதான் தண்ணீர் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிப்போன வரிசை. குழாயைத் திறந்து பார்த்துவிட்டு எண்ணெய் வைப்போம் என்று அத்தனை வீட்டிலும் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

உள்ளே அத்தான் பலகையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் அவர் புருவத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் நேராகப் பின்னறைக்குப் போனார்.

"தம்பி, ஷவர் டாங்கில தண்ணி இருக்குல்ல?"

"இருக்கு. அது கிளப்புக்கு அக்கா."

"மாப்பிள்ள எண்ணெயோட ஒக்காந்துருக்காருடா."

மாமா இடுப்பில் எப்போதும் தொங்கும் சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். "ஷவர் மட்டும்தான். நம்ம வீட்டு ஆளுங்க மட்டும்தான். குளத்துப் பக்கம் ஒரு கால் வரக் கூடாது" என்றார்.

அவர் கேட்டைத் திறந்து திரும்பிப் பார்த்தபோது எங்கள் பின்னால் வரிசையே நின்றது. துண்டு, வாளி, இடுப்பில் குழந்தை, கிண்ணத்தில் சீயக்காய் என்று முப்பது பேருக்குக் குறையாது. மாமா கேட்டில் கை வைத்தபடியே நின்றார். பக்கத்து வீட்டு ஆன்டியின் கடைசிப் பையன் கண்ணில் எண்ணெய் போய் அழுதுகொண்டிருந்தான். மாமா வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அத்தானுக்குத்தான் முதல் குளியல் என்று அம்மா முறையாக ஏற்பாடு செய்தார். ஆனால் புது மாப்பிள்ளையின் மரியாதை யாரை விட்டது. தலை நிறையச் சீயக்காயை அப்பிக்கொண்ட பிறகு, பின்னால் அழும் பிள்ளைகளைப் பார்த்து "நீங்க குளிங்க, நீங்க குளிங்க" என்று ஒவ்வொருவருக்கும் வழிவிட்டுக்கொண்டே கடைசிக்கு வந்துவிட்டார். வரிசை பாதிகூடக் குறையவில்லை, டாங்கு காலியாகிவிட்டது. அத்தான் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல், கையை முன்னால் நீட்டியபடி நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

மாமா எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பம்ப் அறைக்குள் போனார். திடீரென்று குளத்துக்கு அடியில் விளக்குகள் எரிந்தன. இருட்டுக்குள் அந்த நீலம் மட்டும் தரையிலிருந்து எழுந்து வந்தது போல இருந்தது. மாமா வெளியே வந்தபோது இடுப்பில் சாவிக்கொத்து இல்லை. அறைக்குள் கதவுக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்கியதைப் பார்த்தேன். யாராவது தத்தளித்தால் குதிக்க வேண்டியிருக்கும், சாவி நனைந்துவிடக் கூடாது என்று கழற்றி வைத்திருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாமாவின் முன்யோசனையை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் விசிலை ஊதினார்.

"ஆழத்தப் பிரிக்கிற கயித்துக்கு இந்தப் பக்கமே இருங்க. பிள்ளைங்களக் கையில புடிச்சுக்குங்க. படியில மெதுவா எறங்குங்க."

அத்தானின் கையைப் பிடித்து, படியைச் சொல்லிச் சொல்லி அவரே இறக்கிவிட்டார்.

அதன் பிறகு நான் கண்டதை இன்றுவரை வேறெங்கும் கண்டதில்லை. சேலையோடும் கைலியோடும் குடியிருப்பே தண்ணீருக்குள் இறங்கியது. மஞ்சள் கோடு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. தலைகள் முங்கி எழ எழ, எண்ணெய் தண்ணீரின் மேல் பரவியது. அடியிலிருந்து வந்த வெளிச்சத்தில் அது பச்சையாகவும் ஊதாவாகவும் பொன்னாகவும் மாறி மாறி ஓடியது. நான் கையை அசைத்தால் நிறம் கலைந்து, மறுபடி கூடியது. யாரும் சத்தம் போடவில்லை. கோயிலுக்குள் போனது போல எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

அம்மா கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மல்லாந்து, கால்களைத் தூக்கி, தண்ணீரின் மேல் படுத்துக்கொண்டார். முடி அவிழ்ந்து நாலாபக்கமும் பரந்தது. கண் மூடியிருந்தது. அம்மாவுக்கு மிதக்கத் தெரியும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வேலிக்கு வெளியே கறிபாப்போடு நின்ற அம்மாதானா இது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மேலே வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

மாமா மட்டும் கரையிலேயே நின்றார். "நீங்களும் வாங்க மாமா" என்று கூப்பிட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "பேசாதே. குளி" என்றார். முகம் கல்லாக இருந்தது. தண்ணீரைக் கெடுத்துவிட்டோம் என்று எங்கள் மேல் கோபம் என்று நினைத்து, அன்றைக்கு முழுவதும் அவர் பக்கமே போகவில்லை.

குளம் கெட்டுத்தான் போனது. சீயக்காய்த் தூள் அடியில் படிந்தது, வடிகட்டி அடைத்துக்கொண்டது, ஒரே வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. கேட்டைப் பூட்டினார்கள். பங்கீடு முடிந்து குளத்தை மறுபடி நிரப்பியபோது கரையில் வேறோர் ஆள் விசிலோடு நின்றார். கிள்ளான் துறைமுகத்தில் நல்ல வேலை கிடைத்து மாமா போய்விட்டதாக வீட்டில் சொன்னார்கள். மாமா கப்பலில் வேலை செய்கிறார் என்று நான் வகுப்பு முழுவதும் சொல்லித் திரிந்தேன். அவர் அங்கே மூட்டை தூக்கினார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அத்தானும் நானும் வறண்ட குளத்தைச் சுற்றி நடந்து, மாமா நின்ற இடத்துக்கு வந்தோம். அங்கிருந்து பார்த்தால் ஆழமில்லாத பக்கம் மூலைவரை தெரிந்தது.

"எனக்குக் கண்ணு தொறந்ததும் மொதல்ல தெரிஞ்சது ஒங்க மாமாதான் பாப்பா. வெரல மடக்கி மடக்கித் தலைய எண்ணிக்கிட்டே இருந்தாரு. கண்ணே சிமிட்டல" என்றார் அத்தான். கொஞ்சம் கழித்து, "ஒரு துண்டு குடுத்திருந்தா நான் தொடச்சுட்டுப் போயிருப்பேன். யாரு என்னைக் கேட்டா?" என்றார்.

எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு நீந்தத் தெரியாது. அரையிருட்டில் அத்தனை உயிரும் மாமாவின் பொறுப்பில் இருந்தன. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது கோபமே இல்லை, பயம். பம்ப் அறைக்குக் கதவு போய்விட்டது, ஆணி மட்டும் சுவரில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன். கமிட்டி கேட்கட்டும் என்று மாமா காத்திருக்கவில்லை. சாவியை அங்கே மாட்டியபோதே வேலையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் விசிலை ஊதியிருக்கிறார்.

அடுத்த வருடத் தீபாவளிக்கு மாமா கிள்ளானிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். வாளிகள் நிரம்பியிருந்தன. அத்தான் பலகையில் உட்கார்ந்திருந்தார். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, அத்தானைத் தாண்டிப்போய், கதவோரம் நின்ற மாமாவின் வறண்ட தலையில் முதல் எண்ணெயை வைத்தார். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. "மாப்பிள்ளைக்குத்தானே முதல்ல வைக்கணும்?" என்று நான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அத்தான் எழுந்து மாமாவுக்குப் பலகையை விட்டுக் கொடுத்தார். போன வருடம் அவ்வளவு முறையோடு செய்தவர்கள் இந்தச் சின்ன விஷயத்தைக்கூட மறந்துவிட்டார்களே என்று நான் நினைத்துக்கொண்டேன்.