மயில்சாமி வெட்டிய டிவி பெட்டி

அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மயில்சாமி, எது வாங்கினாலும் அது வந்த அட்டைப்பெட்டியை எறியமாட்டார். டிவி, மிக்சி, கம்ப்யூட்டர் பெட்டிகளெல்லாம் தெர்மாக்கோலோடு பேஸ்மென்ட்டில் அடுக்கியிருக்கும்.

"அடுத்த வருசம் கோபிசெட்டிபாளையம் போறப்போ பேக் பண்ண வேணுமில்லீங்களா?" என்பார்.

எத்தனையோ அடுத்த வருடங்கள் போய்விட்டன. சிரிக்க எனக்கு வாயில்லை; எங்கள் வீட்டிலும் பெட்டிகள் உண்டு.

தொண்ணூற்றெட்டில் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று மயில்சாமியின் மனைவி வான்மதி பிடிவாதம் பிடித்தார். அது வந்தால் இந்திய பாஸ்போர்ட் போய்விடும் என்று மயில்சாமி இழுத்தடித்தார். அந்த நேரத்தில்தான் ஆறாம் வகுப்பு படிக்கும் அவர்கள் மகள் பிரீத்திக்குப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட்: பழைய ரோமானியக் குடியேற்ற ஊர் ஒன்றை, மதிலும் வாசல்களுமாக அட்டையில் செய்ய வேண்டும். அன்று நான் அவர்கள் வீட்டுக்குக் காபிக்குப் போயிருந்தேன்.

"டிவி பெட்டியை எடுத்துக்க கண்ணு," என்றார் வான்மதி.

"அதைத் தொடாதீங்க! ஒரிஜினல் பெட்டி."

"பாத்தீங்களாண்ணா, இந்த வீட்ல ஊருக்குப் போக ரெடியா இருக்கறது அந்தப் பெட்டி ஒண்ணுதான்!" என்றார் வான்மதி என்னிடம்.

மயில்சாமி பேச்சை மாற்றினார். "அது என்ன ஊரு கண்ணு?"

பிரீத்தி ஆங்கிலத்தில் விளக்கினாள். ரோமிலிருந்து அப்படிப்பட்ட சில ஊர்களுக்குக் குடிபோனால் நிலம் கிடைக்கும். ரோமக் குடியுரிமை போய்விடும்.

"அட, நம்ம கதையாட்டவே இருக்குது! திரும்பிப் போனா?"

"கிடைக்கும்ப்பா. பட் தேர் வாஸ் எ ரூல்."

ஒரு காலத்தில், திரும்பி ரோமில் குடியேறுகிறவருக்குக் குடியுரிமை மறுபடி கிடைக்குமாம். ஆனால் பிள்ளை ஒன்றைப் புது ஊரிலேயே விட்டுப் போக வேண்டுமாம். ஊர் காலியாகிவிடக் கூடாதே.

மயில்சாமியின் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"நாம ஊருக்குப் போனா நீ வருவயா கண்ணு?"

"ஃபார் வெகேஷன்?" என்று கேட்டாள் பிரீத்தி, ஒன்றும் புரியாமல்.

அவர் எழுந்து கீழே போனார். டிவி பெட்டியோடும் கத்தியோடும் வந்தார். தரையில் அமர்ந்து பெட்டியைப் பிரித்து விரித்தார்.

"வானு, அந்த அப்ளிகேஷனை எடுத்து வை. கையெழுத்துப் போட்டர்றேன்."

வான்மதி பெட்டியிலிருந்த தெர்மாக்கோலை மட்டும் பத்திரமாக ஓரத்தில் எடுத்து வைத்தார்.

மயில்சாமி மதிலில் வாசல் வெட்டினார்.

"அப்பா, டூ பிக்! எனிமீஸ் வில் கம்!"

"ஊர்ல இருக்கற உங்க அத்தையும் வரோணுமில்ல கண்ணு," என்று இன்னும் கொஞ்சம் அகலமாக்கினார்.