பனையடியில் இலுப்பை விதை

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். ஸ்டெல்லாவின் தம்பி போனில் பேசினார். "அக்கா போயிட்டாங்க. காலையில. தூக்கத்துலயே." கடலூர்ப் பேருந்து வந்தது. ஏறவில்லை. ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். துக்கத்துக்கு முன்னால் ஒரு நிம்மதி வந்தது.

ஆய்வுக்கூடத்தில் எங்களோடு இருந்தவர்களுக்கு அது ஏனென்று விளங்கும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

நானும் ஸ்டெல்லாவும் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு மாணவர்கள். பழந்தின்னி வௌவால் ஒரு மரத்தில் பழத்தைக் கவ்வும், வேறொரு மரத்தில் தொங்கியபடி தின்னும், விதையைக் கீழே போடும். எந்த விதை எங்கே விழுகிறது என்பதுதான் ஸ்டெல்லாவின் ஆய்வு. காடாம்புலியூருக்கு அப்பால், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே, அய்யனார் கோயில்காடு ஒன்று. அங்கேதான் வேலை.

2009இல் முதல்முறை போனபோது விதை பிடிக்க மரத்தடிகளில் வெள்ளை வேட்டிகளை விரித்துவிட்டு வந்தோம். மறுநாள் எல்லா வேட்டியிலும் மஞ்சள், குங்குமம், வாழைப்பழம், கொய்யா. ஓர் அம்மாள் இன்னொரு சீப்போடு வந்துகொண்டிருந்தார்.

"சாமிக்குத்தான விரிச்சிருக்கீங்க?"

"வௌவாலுக்கு விரிச்சோம் அத்த" என்றார் ஸ்டெல்லா.

"அதுவும் சாமியோடதுதான். நீ எந்த ஊரு பொண்ணு?"

"மஞ்சக்குப்பம். நான் கிறிஸ்டியன் அத்த."

"அதனால இன்னா? வேட்டி சுத்தமாத்தான இருக்கு."

ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "கோயில்ல வெள்ள வேட்டி விரிச்சா வேற இன்னா நெனப்பாங்க? அவுங்க மேல தப்பில்ல." அடுத்த வாரம் நீலக் கொசுவலை வாங்கினோம். அந்த வேட்டிகளைப் பூசாரிக்கே கொடுத்தார்.

2011 டிசம்பர் முடிவில் தானே புயல். முந்திரி சாய்ந்தது. கோயில்காட்டில் இலுப்பை ஒன்றுகூட மிஞ்சவில்லை. நின்றவை சில பனைகள். வௌவால்கள் போய்விட்டன.

அதற்கு முன்பே ஸ்டெல்லாவின் சிறுநீரகம் கெட்டிருந்தது. இனி அவரால் வர முடியாது. ஆனால் அவருக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. மரம் போன இடத்துக்கு வௌவால் வருமா, விதை கொண்டுவருமா? வராவிட்டால் அந்தக் காடு தானாக முளைக்காது.

பனைகளின் கீழ் வலை கட்டினேன். ஒவ்வொரு முறையும் திரும்பும் வழியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போவேன். "இல்லை" என்பேன். தலையசைப்பார். ஒருநாள் அவர் அம்மா வாசலிலேயே மறித்தார்.

"இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லேம்ப்பா. அவ மனசாவது குளுரட்டும்."

உள்ளிருந்து குரல் வந்தது. "அம்மா, அவனக் கெடுக்காத." உள்ளே போனதும் என்னிடம்: "இருந்தா இருக்குன்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. நடுவுல என் ஒடம்பக் கொண்டாராத."

அன்றும் இல்லை என்றுதான் சொன்னேன். வெளியே வந்தபோது அவர் அம்மா என்னைப் பார்க்கவில்லை.

இலுப்பை பழுக்கும் பருவம். முதல் வாரங்களிலும் வலை வெறுமை. பிறகு ஒரு காலையில், பனையடியில், இலுப்பை விதைகள். மேல்தோலில் பல் பதிந்த கோடுகள். இலுப்பை மிஞ்சியிருந்தது தொலைவில், வேறோர் ஊர் ஏரிக்கரையில். வௌவாலைத் தவிர யாரும் கொண்டுவந்திருக்க முடியாது.

ஸ்டெல்லா மிகவும் மெலிந்திருந்தார். விதையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். பல் தடத்தைக் காட்ட வெளிச்சத்துக்காக ஜன்னலைத் திறக்கப் போனேன்.

"வேணாம்டா. மாசக்கணக்கா இல்லன்னு சொன்னவன்தான நீ. நீ சொன்னா சரி."

கையை மூடிக்கொண்டார். அவர் அம்மா அடுப்படிக்குப் போய் எனக்குக் காப்பி போட்டார்.

அதற்குப் பின் சில வாரங்களே இருந்தார். தெரிந்துகொண்டு போனார். பேருந்து நிலையத்தில் எனக்கு வந்த நிம்மதி அதுதான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்று. வலை வெறுமையாக இருக்கும் நாளில் "இல்லை" என்று எழுத இப்போது என் கை தயங்குவதில்லை.